ஒன்றரைச் சுற்றுக் கனகாம்பரம்

கனகாம்பரம் வாசனையில்லாத பூ என்று யாராவது மூக்கைச் சுளித்தால் எனக்கு இந்த வயதிலும் சுருக்கென்று கோபம் வரும். என் வயதுத் தோழிகளே, உங்களுக்கும் ஆளுக்கொரு பூவின் மேல் ஆளுக்கொரு காரணம் இருக்கும். கல்யாணம், முதல் பிள்ளை, யாரோ ஒருவர் ஆசையாக வாங்கிவந்தது என்று பெரும்பாலும் நல்ல காரணங்களாகத்தான் இருக்கும். என்னுடையது பகை. நெய்வேலியில் நான் ஒன்பதாவது படித்த வருடம், பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்கு என்ன பூ வைப்பது என்று பதினைந்து நாள் ஒரு கூத்து நடந்தது. பழசையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று இப்போது எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். காலையில் கைபேசியைத் திறந்தால் மன்னிப்பைப் பற்றி நாலு படம் வந்து விழுகிறது. நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. நிலக்கரி ஏறிவரும் பெல்ட்டின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவார், காதுக்குள் எல்லாம் பழுப்புத் தூள் இருக்கும். எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கிடைத்த வேலை அது. முதலில் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனென்ட், பிறகு ஒரு சின்ன குவார்ட்டர்ஸ். எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவர் என்ன உத்தியோகம் என்று கேட்கவே வேண்டாம். எந்த பிளாக், எத்தனை அறை குவார்ட்டர்ஸ் என்று கேட்டால் சம்பளம் வரைக்கும் தெரிந்துவிடும்.

அம்மா வயலில் நின்றே வளர்ந்தவள். அவளுக்கு அந்த வீட்டு வாசலில் நாலு பாய் விரிக்கிற அளவு மண்தான் கிடைத்தது. அதில் ஓர் அங்குலத்தை விடவில்லை. வேலி நெடுக இருபது செடி கனகாம்பரம் வைத்தாள். விடியற்காலையில் நானும் அவளும் கிண்ணத்தோடு உட்கார்ந்து கதிர் கதிராகப் பறிப்போம். செடியை உலுக்கினால் இரவெல்லாம் படிந்த தெர்மல் புகைபோக்கிச் சாம்பல் கையில் மாவு மாதிரி ஒட்டும். பூவைத் தண்ணீர் தெளித்து அலசிவிட்டு, ஊறவைத்த வாழை நாரில் தொடுப்போம். அம்மா தொடுக்கும்போது விரலைப் பார்க்க முடியாது, அத்தனை வேகம். நானும் பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்த வருடம் எட்டுப் பெண்கள் ஆடும் கும்மிக்கு என்னைத்தான் முன்வரிசையில் நடுவில் நிறுத்தினார் பாட்டு டீச்சர். அதற்கு முன் எதிலும் நான் முன்னால் நின்றதில்லை. அப்பா விஷயம் கேள்விப்பட்டதும் ஆண்டுவிழா அன்று தனக்கு மதிய ஷிப்ட் வருகிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வந்தது. தன் செட்டில் ஒருவரிடம் பொங்கல் அன்று அவருக்காகத் தான் வேலைக்கு வருவதாகச் சொல்லி மாற்றிக்கொண்டார். பொங்கலை விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். எனக்கு அந்த நடு இடத்தின் மதிப்பு அப்போதுதான் தெரிந்தது.

பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி என்று முடிவாகிவிட்டது. பூ மட்டும் பாக்கி. டீச்சர் எங்களை வராந்தாவில் உட்கார வைத்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். ஒருத்தி மல்லி என்றாள். தை மாதத்தில் மல்லிக்கு எங்கே போவது? ஒருத்தி டிசம்பர் பூ என்றாள். அது நிறத்தில் ராணிதான், ஆனால் மதியத்துக்குள் துவண்டு கசக்கின காகிதமாகிவிடும். சாமந்தி என்ற பெண்ணைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நான் கனகாம்பரம் என்றேன். ரெண்டு நாளானாலும் வாடாது, மேடை விளக்கில் தூரத்திலிருந்தும் தெரியும், வெள்ளைப் பூவில் சாம்பல் விழுந்தால் காட்டிக்கொடுக்கும், இதில் தெரியாது என்று வக்கீல் மாதிரி அடுக்கினேன். இவளுக்குத்தான் தலைக்குள் ஏதோ இருக்கிறது என்றார் டீச்சர். கனகாம்பரமே முடிவாயிற்று. அன்று வீட்டுக்கு நடந்தேனா மிதந்தேனா தெரியாது.

மூன்றாம் நாள் பங்களா அம்மா வந்தார். பெரிய அதிகாரியின் மனைவி. கோயமுத்தூர்ப் பக்கம். அவர் மகளும் நடனத்தில் இருந்தாள், இரண்டாம் வரிசையில், எனக்கு நேர் பின்னால். எட்டுப் பேருக்கும் தாவணி எடுத்துக் கொடுப்பது அந்த அம்மாதான் என்பதால் அவருக்கு டீச்சரே நாற்காலி தூக்கிவந்து போட்டார். அந்த அம்மா யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எதையும் குழைந்துதான் சொல்வார்.

"கனகாம்பரமுங்களா டீச்சர்? கொத்து வேலைக்கு வர்ற பொம்பளைங்கல்ல அதை வெச்சுட்டு வருவாங்க. புள்ளைங்க பாவமுங்க."

டீச்சர் முகத்தில் கனகாம்பரம் அப்போதே உதிர்ந்துவிட்டது. தனக்கும் முதலிலிருந்தே ரோஜா என்றுதான் தோன்றியதாகச் சொன்னார். பங்களா அம்மா தன் தோட்டத்தில் பதினைந்து மொட்டு நிற்பதாகவும், எல்லாப் பெண்களுக்கும் தானே கொண்டுவருவதாகவும் சொன்னார். நான் எழுந்து எனக்கு வேண்டாம், எங்கள் வீட்டிலேயே ரோஜா இருக்கிறது என்றேன். ரோஷம்தான், வேறென்ன. சரி, கொண்டு வா என்றார் டீச்சர். அந்த அம்மா என்ன ரோஜா என்று கேட்கவில்லை. எங்கள் பிளாக்கில் ரோஜா எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார்.

என்ன ரோஜா என்று கேட்டது அவர் மகள். நாங்கள் இருவரும் ஒரே சாலையில் பாதி தூரம் சேர்ந்து நடப்போம். கையில் இருக்கும் கமர்கட்டைக் கடித்துப் பாதி கொடுக்கிற அளவுக்குச் சிநேகம். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அது அவர்கள் வீட்டு ரோஜாவேதான். இதழோரம் கறுத்துப்போகிற அடர்சிவப்பு, டவுன்ஷிப்பில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தின வருடம் மழை விட்டதும் அவர்கள் தோட்டக்காரர் கவாத்து செய்து குச்சிகளை வேலிக்கு வெளியே குப்பையில் கொட்டியிருந்தார். அந்த வழியாக வந்த அம்மா நாலு குச்சியைப் பொறுக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வெட்டின முனையில் சாணி உருண்டை வைத்து ஈரமண்ணில் நட்டாள். மூன்று பட்டுப்போயிற்று, ஒன்று துளிர்த்தது. எத்தனை பூ பூத்திருக்கிறது என்று கேட்டாள் சிநேகிதி. ரெண்டு மொட்டு என்றேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு முழு அலங்காரத்தோடு ஒத்திகை. அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, மலர்ந்த ஒரு ரோஜாவைக் காதுக்கு மேலே ஹேர்பின்னால் குத்திவிட்டாள். பள்ளிக்குப் போனால் வராந்தாவே துக்கவீடாக இருந்தது. பங்களா அம்மாவின் கையில் மூன்று ரோஜா மட்டும். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் யாரோ தோட்டத்தில் புகுந்து செடியை மொட்டையடித்துவிட்டார்களாம். டீச்சர் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன்.

எல்லோர் கண்ணும் என் காதோரம் வந்து நின்றது. பங்களா அம்மா எழுந்து வந்து, என் முகவாயைப் பிடித்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. நான் கவாத்துக் குச்சி, சாணி உருண்டை எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். டீச்சர் வந்து செடியைப் பார்க்கட்டும் என்றேன். சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தேன், அவளுக்குத் தெரியுமே. அவள் குனிந்து சலங்கை வாரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா அதே குழைவோடுதான் சொன்னார்.

"ஏங்கண்ணு, நீ சொல்றதே நெசம்னு வெச்சுக்குவோம். அந்தக் குச்சி யாரூட்டுது? எங்கூட்டுதுதானே?"

டீச்சர் என் தலையிலிருந்து பூவை எடுத்தார். ஹேர்பின்னோடு பிடுங்கினதில் நாலு முடியும் கூட வந்தது. தாவணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகச் சொன்னார். இரண்டாம் வரிசையிலிருந்து பங்களாப் பெண் என் இடத்துக்கு நகர்ந்தாள். பின்வரிசைக்கு எட்டாவதிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அரை நாளில் நான் இல்லாமல் கும்மி சரியாகிவிட்டது.

அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"குச்சி அவங்க வூட்டுதாமா? அந்த பங்களா நிக்கிற எடம் எங்க மாமனாரு கொல்லை. அத யாரு கேக்கறது?"

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கத்தினால் வேலைக்குத்தான் வினை என்று பயந்தாள்.

மறுநாள் நடந்ததுதான் இந்தக் கதையின் உச்சம். ரோஜா மூன்றுதான் இருந்தது, தலையோ எட்டு. அவசரத்துக்கு எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி என்ன பூ கிடைக்கும்? வாடாத பூ, விளக்கில் தெரிகிற பூ, இருபது செடி நிறைய நிற்கிற பூ. பள்ளி ஆயாம்மா எங்கள் வாசலில் வந்து நின்று டீச்சர் சொன்னதை ஒப்பித்தார். நாளை மதியத்துக்குள் ஆளுக்கு இரண்டு முழம் வீதம் கனகாம்பரம் தொடுத்து அனுப்ப வேண்டுமாம், நான் நன்றாகத் தொடுப்பேன் என்று டீச்சருக்குத் தெரியுமாம். என்னை வேண்டாம் என்றவர்களுக்கு என் விரல் வேண்டியிருந்தது.

செடியையெல்லாம் ஒடித்துப் போடுகிறேன் என்று கிளம்பினேன். அம்மா என்னைத் தடுத்து, ஆயாம்மாவிடம் அனுப்பிவைக்கிறோம் என்று பணிவாகச் சொல்லியனுப்பினாள். எனக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது. இத்தனை பட்டும் இப்படிக் குனிகிறாளே என்று.

ஆண்டுவிழா அன்று என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பின்கட்டில் முறத்தில் பூவைக் கொட்டிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பூத் தொடுக்கிறவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து, காம்பைச் சுற்றி நாரை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் பூ அசையாது. நான் ஒரே சுற்றோடு விட ஆரம்பித்தேன். அம்மா பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். பூத் தொடுக்கிறவளின் கண்ணுக்குத் தப்பும் என்று நினைத்தது என் சிறுபிள்ளைத்தனம்.

அம்மா கையை நீட்டி என் சரத்தை வாங்கினாள். விளக்குமாற்றுக்கட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டேன். அவள் சரத்தை லேசாக உதறினாள். ஏழெட்டுப் பூ மடியில் விழுந்தது.

"ஒரு சுத்து பத்தாதுடி. தலையில வெக்கும்போதே கொட்டிடும், கண்டுபிடிச்சிடுவாங்க. ஒண்ணரை சுத்து சுத்து. நாரை நல்லா நனைச்சிக்கோ. ஈரம் இருக்கற வரைக்கும் புடிச்சிகினு இருக்கும். காயணும், அப்பறம் குதிக்கணும். அதுங்கதான் குதிக்குதுங்களே."

சொல்லிவிட்டு நான் தொடுத்ததை அவிழ்த்து, நாரைத் தண்ணீரில் முக்கி, அவளே ஒன்றரைச் சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பதினாறு முழம் தொடுத்தோம். என் ஆயுளில் அத்தனை சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை. ஈரத்துணி போட்டு மூடி ஆயாம்மாவிடம் கொடுத்தபோது, தொடுப்பு எவ்வளவு நெருக்கம் என்று அவர் மெச்சினார்.

சாயங்காலம் மைதானத்தில், காலையிலேயே வெளியே போயிருந்த அப்பா சலவைச் சட்டையோடு முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஏம்மா இங்க வந்து ஒக்காந்துகினு இருக்க? ஆட்டத்துக்கு நேரமாவல?"

அம்மா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா அவர் கையை அழுத்தி உட்கார வைத்தாள். அப்பாவின் முகம் அப்படித் தொங்கிப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அந்த இடம் போனதுகூடப் பெரிதில்லை. பொங்கலை விட்டுக் கொடுத்துவிட்டு வந்த மனிதர் வேறு யாரோ வீட்டுப் பெண் ஆடுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அதற்குத்தான் இன்றுவரை யாரையும் விடுவதில்லை.

டேப் ரெக்கார்டர் பாடத் தொடங்கியது. முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. அம்மா கணக்குத் தப்பிவிட்டாளோ என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் எல்லோரும் குனிந்து தட்டி நிமிர்ந்தபோது ஒருத்தியின் தோளில் நாலு பூ விழுந்தது. மூன்றாவது சுற்றில் குதித்துத் திரும்புகிற அடி. அந்த அடியை எனக்காகத்தான் டீச்சர் சேர்த்திருந்தார். எட்டுத் தலையிலிருந்தும் கனகாம்பரம் கொட்டியது. பாவாடையில், மேடையில், முன்வரிசை நாற்காலியில் என்று எங்கும் ஆரஞ்சு. பின்னலில் வெறும் நார் தொங்கியது. வெறுங்காலில் மிதிபட்ட கனகாம்பரம் எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியாது, அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நடுவில் நின்ற பங்களாப் பெண் திரும்பும்போது கால் சறுக்கி, பாதம் மடிந்து, உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். மைதானமே சிரித்தது. பாட்டு மட்டும் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

டீச்சர் ஓடினார், பங்களா அம்மா ஓடினார், திரையை இழுத்தார்கள், அது பாதியில் சிக்கிக்கொண்டது. அம்மா எழுந்து நேராக மேடைப் படியேறினாள். பங்களா அம்மா அவளைப் பார்த்து என்ன பூ கட்டினாய் என்பது போல ஏதோ கேட்டார். அம்மா முந்தானையை ஏந்தலாகப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"எங்க வூட்டுப் பூவுதாங்கம்மா. நாங்களே வாரிக்கிறோம்."

அத்தனை பேர் பார்க்க நிதானமாக வாரினாள். மிதிபட்டதைக்கூட விடவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரிப்பில் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு சந்தோஷத்திலும் எனக்கு ஒரு முள் இருந்தது. அந்தப் பெண்ணின் கணுக்காலில் எலும்பு விட்டுப்போயிருந்தது. மாவுக்கட்டோடு வந்தாள், கட்டுப் பிரித்த பிறகும் விந்தி விந்தி நடந்தாள். நான் குறி வைத்தது அவள் அம்மாவுக்கும் டீச்சருக்கும். கமர்கட்டில் பாதி தின்ற சிநேகிதிக்கு இல்லை. அவள் வாய் திறக்காததைப் பயம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து போய்விட்டார்கள். பிறகு எங்கேயாவது யாராவது விந்தி நடந்தால் எனக்கு அவள் நினைவு வரும். என்றைக்காவது பார்த்தால் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று வாசகம் வாசகமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் வடலூரில் ஒரு கல்யாணம். மாடியில் பந்தி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து வைத்து ஏறிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளும் கண்டுகொண்டாள். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் வாசகத்தை எடுப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மொட்டையெல்லாம் நான்தான் கிள்ளிக் கால்வாய்ல போட்டேன். உங்க வீட்டுலயும் அதே ரோஸ் இருக்குன்னு நீ சொன்னியே, அன்னிக்குத்தான் தோணிச்சு. நீ முன்னாடி நிக்கிறது எனக்குப் பொறுக்கல. என்னை மன்னிச்சிடு. அதுக்குத்தான் சாமி அன்னிக்கே காலை ஒடைச்சிட்டாரு."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குள் நாற்பது வருடப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. இறங்கின இடத்தில் அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் எங்கே போய் விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்திருக்கிறது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அதெல்லாம் சின்ன வயசு, விடு என்று பெருந்தன்மையாகச் சொல்லி அவள் மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். என்னுடையதைக் கொடுக்கவில்லை. சாமிதான் உடைத்தார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று அன்று விட்டேன். இப்போது எழுதுகிறேன். அவளும் நம் வயதுதான், படிப்பாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கையைப் பிடித்துப் படியில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டேன். பார்த்தவர்கள் என்ன சிநேகிதம் என்று சொல்லியிருப்பார்கள். கால் இன்னும் வலிக்கிறதா என்று கேட்டேன். மழை வந்தால் வலிக்கும் என்றாள். வெளியே வானம் நன்றாகக் கறுத்திருந்தது, எனக்கு மனசு நிறைந்துவிட்டது.